நீலம் வராத துண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னக் கூத்து. நாங்கள் உரித்தெடுக்கும் படிகத் தாள் சில அணுக்கள் தடிமன்தான். ஒற்றைத் தாளில் சிவப்பு லேசர் பட்டால் நீல ஒளி கிளம்பும். இரண்டு தாள் ஒட்டிக்கிடந்தால் கிளம்பாது. என்னோடு வேலை செய்யும் சீனியர் உரித்த துண்டு ஒட்டிக்கிடந்தது. ஆனால் என் பேரையும் சேர்த்து அவர் எழுதிய கட்டுரையில் நீலம் ஜொலித்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது என் துண்டை நான் எடுத்த படம்.

பேராசிரியரிடம் காட்டினேன். “விடும்மா, யாரு உத்துப் பாக்கப் போறா?” என்று சிரித்தார். நான் சொன்னேன்:

“அப்படின்னா என் பேரை எடுத்துடுங்க சார்.”

உடனே எடுத்துவிட்டார்கள். படத்தை எடுக்கவில்லை.

அதனால் இன்று காலை இரண்டு துண்டுகளின் படங்களையும் அந்தக் கட்டுரை போன ஆய்விதழுக்கு நானே அனுப்பிவிட்டேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம். பேரை எடுத்த நாளிலிருந்தே சாப்பாட்டு மேசையில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. கை வீசிச் சாப்பிட இடம் தாராளம்.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். என்னோடு போனில் பேசும்போது உங்களுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தால் போனை வைத்துவிடாதீர்கள். முழுச் சண்டையையும் கேட்க வேண்டும்.

பேராசிரியர் கதவைத் தட்டுகிறார். போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

உங்கள் மகள்