அட்டையில் ஏறாத மூன்றாவது பட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்காலைத் தவிர, எனக்குக் கோபத்தைத் தவிர, மற்றபடி நலம். நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் கணக்குப் பரீட்சைத் தாளோடு அடுப்படிக்கு வந்து, "ஏம்மா, டீச்சரே கூட்டல்ல தப்பு பண்ணா யாருக்கு மார்க் குறையும்?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டு, அதே டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டு, அந்த நிமிடமே திருத்திக் கொடுப்பார்கள் என்றேன். நானும் அப்படித்தானே செய்தேன்? முப்பத்திரண்டு வருட வாத்தியார் வேலையில் என் கூட்டல் தப்பு என்று எத்தனை பிள்ளைகள் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் ஆதாரம் கேட்டதில்லை, தாளை வாங்கிப் பார்த்து சிவப்பு மையால் அடித்து எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் போடுவேன். ஊர் உலகமெல்லாம் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார், அது என் மடத்தனம். உன் கேள்விக்குச் சரியான பதில் இந்த இரண்டு மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

விஷயம் இதுதான். அப்பா வேலை பார்த்த படைப்பிரிவுக்கு ஐம்பது வருடம் ஆனதென்று ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டு, பழைய ஆட்கள் எல்லோருக்கும் தபாலில் அனுப்பினார்கள். வழவழப்பான தாள், கனமான அட்டை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலையில் உட்கார்ந்தவர், ஒரு பக்கத்தில் நின்றார், புத்தகத்தை மூடினார், போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். முந்தின நாள் ராத்திரி மழை பெய்திருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்து அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். அந்தப் பெரிய வெள்ளத்தைப் பற்றிய பக்கம். "கார்ப்பரல் ஒருவர் தமக்கில்லாத அதிகாரத்தைக் கையில் எடுத்து ஏழு லாரிகளைத் திருப்பிவிட்டதால், நிவாரண முகாமுக்கு உதவி ஒரு நாள் தாமதமாயிற்று" என்று போட்டிருந்தது. பேர் இல்லை. ஆனால் அன்று ஏழு லாரியைத் திருப்பியவர் யார் என்று அந்தப் படைப்பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது உனக்கு மூன்று வயது, அதனால் சொல்கிறேன். ஆற்றைத் தாண்டி நிவாரண முகாமுக்குப் போகச் சொல்லி உத்தரவு. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் நடுத்தூணில் தண்ணீர் மோதுகிற சத்தம் மாறியிருப்பதை அப்பா கேட்டிருக்கிறார். வயர்லெஸ்ஸில் மேலதிகாரி கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வண்டியைத் திருப்பச் சொல்லும் அதிகாரம் சார்ஜென்டுக்கு உண்டு, ஒரு படி கீழே இருக்கிற கார்ப்பரலுக்குக் கிடையாது. அப்பா பதினோரு நாளைக்கு முன்பே சார்ஜென்ட் ஆகிவிட்டவர். திருப்பச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் பாலம் போய்விட்டது. முப்பத்து நான்கு பேர் அந்த ஏழு வண்டியில். பாலம் போனதையும் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள், இரண்டு பக்கம் தள்ளி, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புத்தகம் எழுதியவர் அப்பா படையை விட்டு வந்தபோது கொடுத்த விடுவிப்புச் சான்றைப் பார்த்து எழுதியிருக்கிறார், அதில் கார்ப்பரல் என்று இருக்கிறது. அவ்வளவுதான் கதை.

சான்றிலேயே தப்பு இருந்தது அப்பாவுக்கு முன்பே தெரியும். அந்த வெள்ளத்தில் முழங்கால் போய், ஐந்து வாரம் கழித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சான்று கைக்கு வந்ததும் பார்த்துவிட்டு ஒரு கடிதம் போட்டார், பதில் இல்லை, விட்டுவிட்டார். இப்போது நான் விடுவதாக இல்லை. அவரை இழுத்துக்கொண்டு முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்டில் "பழுது" என்று எழுதி ஒட்டின தாளே மஞ்சளாகிவிட்டிருக்கிறது. கால் அடிபட்டு வந்தவர்களுக்கென்றே இருக்கிற அலுவலகம் மூன்றாவது மாடியில்! டோக்கன் வாங்கி, தரையோடு முடுக்கிவைத்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவருக்கு நான் முத்திரைக்காரர் என்று பேர் வைத்திருக்கிறேன், பேசும்போதுகூட முத்திரைக் கட்டையைக் கீழே வைக்க மாட்டார். எடுத்த எடுப்பில், "என்ன பெரியவரே, முப்பத்தோரு வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா?" என்றார். "தம்பி, அவருக்கு அன்னைக்கே ஞாபகம் இருந்துச்சு, உங்க பேப்பருக்குத்தான் இல்லை" என்றேன். "பென்ஷன் ஏறும்னு யாராவது சொல்லி அனுப்பினாங்களா?" என்று அடுத்த கேள்வி. அப்பா அவ்வளவு மரியாதையாக, "பென்ஷன் இருக்கிறபடி இருக்கட்டும் சார், அந்த ஒரு வரி மாறணும்" என்கிறார். தன் பிள்ளை வயசு ஆளை சார் என்கிறார்! "இதுல நீங்களேதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அப்பவே பாத்திருக்கக் கூடாதா?" என்றார் அவர். எப்படிப் பார்ப்பது? அன்று பத்தொன்பது பேருடைய தாள்களைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையெழுத்துக் கோடு மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்களாம். ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டு வரிசையில் வந்தவர் போடச் சொன்ன இடத்தில் போட்டார். படிக்க விடாமல் கையெழுத்து வாங்கிவிட்டு, ஏன் படிக்கவில்லை என்று கேட்கிற நியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

பதவி உயர்வு உத்தரவைக் கொண்டு வா என்றார்கள். அது காலை அணிவகுப்பில் வாசித்துப் பலகையில் ஒட்டின தாள், படை முகாம் அலுவலகத்தோடு சேர்ந்து வெள்ளத்தில் போனது. வாசித்த கேப்டனும் காலமாகிவிட்டார். அந்த வாரம் அப்பா எனக்குப் போட்ட கடிதத்தின் உறையை நான் பத்திரமாக வைத்திருந்தேன், அனுப்புநர் இடத்தில் சார்ஜென்ட் என்று அவர் கையால் எழுதி, படைத் தபால் முத்திரையோடு. அதைக் காட்டினால், "உறையில யார் வேணா என்ன வேணா எழுதலாம்மா" என்று ஓரமாகத் தள்ளினார். நீ ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், நீயே சொல். ரத்தக் குழாயில் பேர் மாற்றி ஒட்டினது நீங்கள் என்றால், நோயாளியைக் கூப்பிட்டு இது உன் ரத்தம்தான் என்று நிரூபி என்பீர்களா?

மூன்றாம் தடவை போனபோதுதான் ஒரு வழி பிறந்தது. முத்திரைக்காரர் கோப்பைத் தன் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டு எங்களுக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத் தலைகீழாகப் படிக்க வரும் என்பது அவருக்குத் தெரியாது. மேஜைக்கு எதிரே நிற்கிற பிள்ளையின் நோட்டை நிமிர்த்தாமலே எத்தனை வருடம் திருத்தியிருக்கிறேன்! பதவி என்ற கட்டத்துக்கு நேரே பொடி எழுத்தில், "சீருடை அட்டைப்படி" என்று எழுதியிருந்தது. நான் அதை உரக்க வாசித்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது, கோப்பை மூடப் போனார். "மூடாதீங்க தம்பி, இது என்ன அட்டைன்னு சொல்லுங்க" என்றேன். அப்பாதான் மெதுவாகச் சொன்னார். ஒருவருக்குக் கொடுத்த சட்டை, பூட்ஸ், கையில் தைக்கிற பட்டை எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒரு அட்டையில் எழுதி வைப்பார்களாம். வேலையை விட்டுப் போகும்போது உடுப்பைத் திருப்பிக் கொடுத்ததும் அந்த அட்டை குமாஸ்தாவிடம் போகும், அவர் பட்டையை எண்ணிப் பதவியை எழுதிவிடுவார். இரண்டு பட்டை கார்ப்பரல், மூன்று பட்டை சார்ஜென்ட். அப்பா சார்ஜென்ட் ஆன வாரம் ஸ்டோரில் பட்டை இருப்பில்லை. "இப்போதைக்கு நீயே தைச்சுக்க, சரக்கு வந்ததும் அட்டையில ஏத்திக்கிறேன்" என்று ஸ்டோர்க்காரர் சொல்ல, அப்பா ஒரு கிழிந்த சட்டையிலிருந்து பட்டையைப் பிரித்து எடுத்துத் தானே தைத்துக்கொண்டார். அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. மூன்றாவது பட்டை கையில் ஏறியது, அட்டையில் ஏறவில்லை.

முத்திரைக்காரரும் கடைசியில் இறங்கி வந்தார், இறங்கி வந்தார் என்றா சொன்னேன், நான் ஜன்னலை விட்டு நகராமல் நின்றதில் பின்னால் வரிசை சத்தம் போட ஆரம்பித்தது. அந்த ஸ்டோர்க்காரர் உயிரோடு இருந்து, தான் கண்ணால் கண்டதை நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் திருத்தக் குழு ஏற்றுக்கொள்ளுமாம். குழு அடுத்த மாதம் இருபதாம் தேதி கூடுகிறது. அதை விட்டால் கோப்பை நிரந்தரமாக மூடிவிடுவார்கள், புத்தகமும் மறு அச்சுக்கு அப்படியே போய்விடும்.

அவர் இருக்கிறார். அப்பா பூட்டண்ணன், பூட்டண்ணன் என்று வருடத்துக்கு இரண்டு தடவை கடிதம் போடுவாரே, அவர்தான். கேட்டால் ஒரு பட்டன்கூட அதிகமாகக் கொடுக்க மாட்டார் என்று பையன்கள் வைத்த பேர். இப்போது எண்பத்தாறு வயது, மகள் வீட்டில் இருக்கிறார், உன் ஊரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். காது சுத்தமாகக் கேட்காது, போனில் பேச முடியாது. கடிதம் எழுதிக் கேளுங்கள் என்றால் அப்பா மாட்டேன் என்கிறார். "அந்த மனுஷன் ஒரு பட்டன் கணக்குத் தப்பினதில்லைன்னு சொல்லிச் சொல்லித்தான் இன்னும் நடமாடிட்டிருக்காரு. இந்த வயசுல அவர் கையாலயே 'நான் ஏத்த மறந்துட்டேன்'னு எழுதி வாங்கணுமா? எனக்கு அந்தப் பட்டையே வேண்டாம்" என்கிறார். "உங்க பேர்ல தப்புன்னு அச்சடிச்சா மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்டேன். "எனக்குப் பழகிப்போச்சு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு இந்த வீட்டில் நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. முத்திரைக்காரர் மேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது உன் அப்பா மேல். முப்பத்து நான்கு பேரைக் காப்பாற்றினதற்கு அதிகாரம் மீறினவர் என்ற பேர் பழகிப்போகலாமா?

அதனால் நீ போக வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். காது கேட்காததுபோல் செய்தித்தாளைப் புரட்டினார், ஆனால் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்தப் பெரியவரை நாம் கூண்டில் ஏற்றக் கூடாது. வகுப்பில் ஒரு தடவை வரைபடத்தின் மேல் மை கொட்டிக் கிடந்தது. யார் கொட்டியது என்று கேட்டேன், நாற்பது பேரும் ஊமை. மறுநாள், மை கொட்டினபோது புட்டி எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டேன், "ஜன்னல்மேல இருந்துச்சு டீச்சர், காத்துல விழுந்துச்சு" என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் தலை குனியாமல் உண்மை வரும். அப்பா உடுப்பைத் திருப்பிக் கொடுத்த அன்று பூட்டண்ணன் அந்தச் சொந்தத் தையலைப் பார்த்து, "இது என் கணக்குல இல்லை, நீயே வச்சுக்க" என்று பிளேடால் நூலை அறுத்துப் பட்டையைக் கையில் கொடுத்தாராம். ஆக அவர் பார்த்திருக்கிறார். பார்த்ததை மட்டும் எழுதினால் போதும், ஏன் அட்டையில் ஏறவில்லை என்று எழுத வேண்டியதில்லை, இதை முத்திரைக்காரரிடம் மூன்று தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன்.

தம்பி வீட்டில் எல்லோரும் சௌக்கியம், சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. வாஷிங் மெஷின் மறுபடி மக்கர் பண்ணுகிறது. நீ இரவு முறை முடிந்து வந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுப்பதாக மாப்பிள்ளை சொன்னார், வயிற்றைக் காயப் போடாதே, உடம்பு இருந்தால்தான் மற்றதெல்லாம். குழந்தைக்கு இருமல் நின்றதா என்று எழுது. பூட்டண்ணன் வீட்டு முகவரியும் எழுத வேண்டிய படிவமும் இதோடு இருக்கின்றன. போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போ, பெரியப்பா என்று கூப்பிடு, இருபதாம் தேதிக்குப் பத்து நாள் முன்னால் என் கைக்கு வந்துவிட வேண்டும், மறந்துவிடாதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு, நீண்ட நாள் இருக்க வேண்டும்.

அவர் எதிரில் உட்கார்ந்ததும் வேறு எதுவும் பேசாமல், ஒரு தாளில் பெரிய எழுத்தில் இதை மட்டும் எழுதிக் காட்டு: "அப்பா சட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்னைக்கு, கையில எத்தனை பட்டை இருந்துச்சு?" பிறகு பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு.

உன் அன்பு
அம்மா