கிணற்றுத் தண்ணீரும் என் கையெழுத்தும்

சங்கரன்கோவில்
14-9-1983

அன்பு மகன் ஆவுடையப்பனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் பூமாரியும் உடம்புக்குச் சுகம், பம்பாய் மழையில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கக் கோமதியம்மன் துணை. மனசுக்குச் சுகம் என்று எழுதத்தான் முடியவில்லை. உன் தங்கச்சி ஊர்க் கூட்டத்தில் என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் படிப்பை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தாய். நடந்ததை என் வாயால் கேட்டுக்கொள்.

பூமாரியின் ஞானபூரணம் டீச்சர் பிளஸ் டூ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிணற்றுத் தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனார். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து, தெருப்பெயர் எழுதி ஒட்டி, பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டி வரிசையாக வைத்தார்கள். நம் தெருப் பாட்டில் நீலமாக இருந்தது. எதிர்வீட்டு இசக்கித்தாய், உடம்பெல்லாம் சொறி கண்ட கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது எந்தச் சாயப்பட்டறைத் தண்ணி, யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க" என்று கேட்டாள். நான் முன்வரிசையில்தான் இருந்தேன், தலையைக் குனிந்துகொண்டேன். பூமாரி எழுந்து, "எங்க அப்பா பட்டறைத் தண்ணிதான்க்கா" என்றாள்.

மறுநாளே மற்ற பட்டறைக்காரர்கள் டீச்சரை ஊரைவிட்டு மாற்றச் சொல்லி மனுவோடு வந்தார்கள். "ஒம்ம மகளையே தூண்டிவிட்டுட்டா வே, மொதக் கையெழுத்து நீருதான் போடணும்" என்றார்கள். போட்டேன். உன்னிடம் எதற்கு மறைக்க, ஆத்திரத்தில் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டேன். பத்தாம் நாள் டீச்சருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பூமாரி அழவில்லை. "எம்மேல கோவம்னா என்னைய அடிச்சிருக்கலாம்லா, டீச்சர எதுக்குப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் முதல் பஸ் பிடித்துத் திருநெல்வேலி போய், தண்ணீரைக் கெடுத்தது என் பட்டறைதான், டீச்சர் மேல் தப்பில்லை என்று கல்வி அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். "இத வச்சு ஒம்ம பட்டறையவே மூடச் சொல்லுவாங்க, தெரியும்லா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். டீச்சரின் மாற்றல் உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ரத்தாகவில்லை, தபால்காரர் தெருவில் நுழைந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

பட்டறையை நானே பூட்டிவிட்டேன். நம்மிடம் பதினோரு வருஷம் நூலைச் சாயத்தில் முக்கியெடுத்த மூக்காண்டி வேலை தேடிப் புளியங்குடி போய்விட்டான், அது பெரிய வருத்தம். கழிவுத் தண்ணீர் தேங்கித் தெளிய மூன்று தொட்டி கட்டிய பிறகுதான் திறப்பேன். அதற்குக் குழி வெட்டப் பூமாரியோடு படிக்கிற பிள்ளைகளும் தெருக்காரர்களும் ஞாயிறு தோறும் மண்வெட்டியோடு வருகிறார்கள். இசக்கித்தாயும் மண் சுமக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. கிணறு தெளிய இரண்டு மழைக்காலமாவது ஆகுமாம். அதுவரை கீழத்தெருக் கிணற்றிலிருந்து தினம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் சுமந்து அவள் வாசலில் வைக்கிறேன். ஒரு வாரமாகக் குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. இன்று காலையில்தான் எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. பூமாரிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, திட்டி எழுதாதே. அம்மன் அருளால் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
வேல்சாமி