ஆட்டுப் பல்லில் நூறு இழுப்பு

ஜூலை 11, சனி

வெயில். அப்பாவோடு கிள்ளான் பாசார், காலைச் சந்தை. வாங்கியவை: ஆட்டுத் தாடை, போஸ்டருக்குப் பசை. மட்டன் கடை அண்ணே: "ஆட்டுக்கே ரூட் கெனாலா தங்கச்சி?" வெட்கம். இருந்தாலும் விளக்கினேன்: பள்ளி அறிவியல் கண்காட்சி; பல் வேருக்குள் சுரண்டும் ஊசி போன்ற ஃபைல்களில் எது நன்றாக வெட்டும் என்று நானும் என் வகுப்புத் தோழி ஷர்மிளாவும் அளக்கிறோம். மாட்டுப் பல் இன்னும் பெரிது. ஆனால் அதை அம்மா வீட்டுக்குள் விடமாட்டார்.

பிறகு கொமியூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ், அம்மா வேலை செய்யும் பல் கிளினிக். டாக்டர் ஒரு பல்லை அறுத்து, எனாமலுக்கு அடியில் உள்ள மஞ்சள் டென்டினைத் தட்டையாக்கிக் கொடுத்தார். தேதி முடிந்த ஃபைல்களும் இரண்டு: பழைய மாடல், புது மாடல். "பல்லைத் தண்ணியிலயே வெச்சிரும்மா, காய விடாதே," என்றார்.

ஜூலை 12, ஞாயிறு

பழைய மாடல். ஃபைல் மேல் சின்ன எடை, நூறு இழுப்பு. நான் இழுக்க, ஷர்மிளா எண்ணினாள். பள்ளம் நல்ல ஆழம். அழகு! சன்னலோரம் வைத்து நெடுநேரம் பார்த்தேன்.

ஜூலை 13, திங்கள்

மலாய்க் கட்டுரை பாக்கி. புது மாடல், அதே பல், அதே எடை, நூறு இழுப்பு. பள்ளம் பாதிகூட இல்லை. ஷர்மிளா குதித்தாள்: "பழசுதான் சேம்பியன்! எழுதுலா!" பல் சற்று வெளுத்துத் தெரிந்தது. வெளிச்சம் அப்படி.

ஜூலை 15, புதன்

மழை. வெளிச்சம் காரணமில்லை. ஞாயிறன்று பல்லைத் தண்ணீரில் போடவே இல்லை. சன்னலில், ஃபேனுக்கு எதிரே, காய்ந்து கிடந்தது. திங்களன்று அங்கிருந்துதான் எடுத்தேன். அன்றே தெரியும் எனக்கு.

நேற்று ஊறப்போட்டேன். இன்று அதே புது மாடல், நூறு இழுப்பு. ஆழமாகவே வெட்டியது.

ஜூலை 16, வியாழன்

கேன்டீனில் ஷர்மிளாவிடம் சொல்லிவிட்டேன்.

"போஸ்டர் லெமினேட் பண்ணியாச்சுலா! இப்ப வந்து சொல்றியா?"

"காய்ஞ்ச பல்லு கெட்டியாயிடுச்சு. ஃபைல் மேல தப்பில்ல."

"ஜெயிச்சா மாநிலப் போட்டிக்கு ஷா ஆலாம் போலாம்னு நீதானே சொன்னே?"

நான்தான். மீ கோரெங் நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் வேறு சீட்.

ஜூலை 17, வெள்ளி

கண்காட்சி. போஸ்டரில் 'பழைய மாடலே சிறந்தது' என்ற வரி மேல் வெள்ளைத் தாள். ஷர்மிளா ஒட்டியிருக்கிறாள். என்னோடு பேச்சில்லை.

நடுவர்: "அப்போ எது நல்லா வெட்டுச்சு?"

"இன்னும் தெரியாது டீச்சர். நடுவுல பல்லைக் காயவிட்டுட்டேன்."

நடுவர் எதுவும் எழுதவில்லை. ஷர்மிளா பல்லை ஊறவைத்திருந்த பாட்டிலைத் திறந்து, சொட்டச் சொட்ட எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"மறுபடி செய்யறோம் டீச்சர். பாருங்க."

ஃபைலை எடுத்தேன்.

"ஒண்ணு," என்றாள் ஷர்மிளா.