வளைகாப்புக்கு முன் நாலு டயர்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்தது இன்னும் காயவில்லை. அச்சகத்தில் காலண்டர் சீசன் உச்சம். தினசரிக் காலண்டர் தாள்கள் பிழை பார்த்துப் பார்த்துக் கண் எரிச்சல். ஒன்றில் பிப்ரவரியில் ஒரே நாள் இரண்டு முறை. மெஷினுக்குப் போகுமுன் பிடித்தாயிற்று.

சாயங்காலம் காரை எடுத்துப்போய் முக்குப் பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்தேன். பத்து நாளாக எடுக்கவே இல்லை. 14ஆம் தேதி தாயில்பட்டியில் மகள் கௌசிக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு அவளை இந்தக் காரில்தான் சிவகாசிக்குக் கூட்டிவர வேண்டும். ஏழாம் மாதம்.

பஞ்சர் கடை அண்ணாச்சி பின் டயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. “ரோட்டுல படுற பட்டன் எல்லாம் தேயாம நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஓரத்தைப் பாருங்க.” குனிந்து பார்த்தேன். சுற்றிலும் முடி முடியாக வெடிப்பு, பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி. டயரில் நாலு எண் இருந்தது. விரல் வைத்துக் காட்டினார். 2217. “மொத ரெண்டு எண்ணு செஞ்ச வாரம், அடுத்த ரெண்டு எண்ணு வருசம். எட்டு வருசத்து ரப்பருங்க. ஓடுனாலும் ஓடாட்டியும் வயசு ஆகும்.”

நாள் முழுக்கத் தேதி பார்ப்பதுதான் என் பிழைப்பு. வாசலில் நிற்கும் வண்டியில் இருந்த தேதியை ஐந்து வருடமாகப் பார்த்ததில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “வண்டி ஓடுனதே கம்மி. பட்டன் அம்புட்டும் அப்படியே இருக்கு. அவன் ஏதாவது சொல்லத்தான் செய்வான். வளைகாப்பு முடியட்டும், பொறவு பாப்போம்.” பேச்சு அதோடு சரி. டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

கார்ப் பேச்சு எடுத்தாலே இப்படித்தான். மூன்று வருடம் முன்பு நாரணாபுரத்தில் இவர் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது இவரது இடது கை வெந்துபோனது. இரண்டு விரல் மடங்காது. போர்மேன் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஸ்டீயரிங் பிடிக்க மட்டும் வரவில்லை. அதிலிருந்து ஓட்டுவது நான். பழைய வண்டிதான் என்றாலும் ஐந்து வருடம் முன்பு இவர் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதில் குறை சொன்னால் அவரையே சொன்ன மாதிரி.


நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

டயர் பற்றி யார் யாரோ சொன்னது:
– என் தம்பி: இதைவிட அகலமாகப் போடு, வண்டி பார்க்க எடுப்பாக இருக்கும்.
– அச்சகத்தில் கட்டிங் மெஷின் மாரியப்பன்: பின்னால் இரண்டு மட்டும் மாத்துங்க, போதும்.
– பைண்டிங் செக்‌ஷன் ராஜாத்தி: நாலும் மாத்துங்கக்கா, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா வண்டி இழுக்கும்.
– மாப்பிள்ளை போனில்: அத்தை, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும், அந்த அளவுதான், மாற்றவே கூடாது. பள்ளிக்கூட வாத்தியார். எதையும் இரண்டு தடவை சொல்வார்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கடைக்குப் போன் செய்தேன். சிவகாசியில் எங்கள் அளவு இல்லை, பத்து நாள் ஆகுமாம். விருதுநகரில் ஒரு கடையில் இருக்கிறது. இரண்டு வகை. ஒன்று நெடுநாள் உழைக்கும். இன்னொன்று சீக்கிரம் தேயும், மழையில் ரோட்டைப் பிடிக்கும். எது வேண்டுமென்று கடைப் பையன் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கௌசி போன். கால் வீக்கம். மாமியார் கொள்ளுக் கஞ்சி கொடுக்கிறாராம். “எப்பம்மா வருவீக?” ஒரு வாரந்தான் என்றேன்.


நவம்பர் 8, சனி

மறுபடி மழை. பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி.

இன்று சண்டை. நான்தான் தொடங்கினேன். விருதுநகர்க் கடையில் டயர் இருக்கிறது, திங்கள்கிழமை போய்வரலாம் என்றேன். “எனக்குத் தெரியாததா அந்தப் பஞ்சர் கடைக்காரனுக்குத் தெரியும்? வாங்கும்போது நாலு டயரையும் நாந்தான பாத்தேன்.”

“நீங்க பாத்து அஞ்சு வருசம் ஆச்சு. கௌசி உக்காந்து வரப்போற வண்டி.”

“அப்ப டாக்சி சொல்லு. என்னைய ஏன் கேக்க?”

சட்டையை மாட்டிக்கொண்டு மழையிலேயே வெளியே போய்விட்டார். பருப்பு அடிப்பிடித்தது. அப்படியே ரசம் வைத்துச் சமாளித்தேன். எனக்கும் கோபம் வந்தது. ஆலையில் இவர் எப்படி என்று ஊருக்கே தெரியும். வெடிமருந்து அறைக்குள் ஒருத்தி கொலுசோடு நுழைந்தால், உரசிப் பொறி வந்துவிடும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே அம்புட்டுப் பயம். வீட்டு வண்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகாதா?

மதியம் சாப்பிட வந்தார். அப்பளம் இரண்டு கூடுதலாக வைத்தேன். சாப்பிட்டார்.


நவம்பர் 9, ஞாயிறு

வளைகாப்புச் சாமான் வாங்கினேன். கண்ணாடி வளையல் பச்சை, சிவப்பு தலா ஆறு டஜன். சந்தனம். மஞ்சள் கிழங்கு. ஏழு வகைச் சோற்றில் புளியோதரையும் தேங்காய்ச் சோறும் நாங்கள் கொண்டுபோவது. நல்லெண்ணெய் மறந்துவிட்டேன்.

வீடு திரும்பும்போது பார்த்தது. கார் பக்கத்தில் இவர் குத்தவைத்து இருந்தார். பின் டயரின் ஓரத்தை வலது கைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே சுற்றி வந்தார். ஒரு டயர் முடிந்ததும் அடுத்தது. நான் பையோடு தெருமுனையிலேயே நின்றேன். எழுந்து உள்ளே போன பிறகுதான் போனேன்.

காப்பி குடிக்கும்போது சொன்னார். “நாளைக்கு லீவு சொல்லிரு.”

சரி என்றேன்.


நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. சூப்பர்வைசர் லீவுக்கு முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

ஒன்பதுக்குக் கிளம்பினோம். திருத்தங்கல், ஆமத்தூர் வழி. நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ் எல்லாம் ஆரன் அடித்துத் தாண்டிப் போயின. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டில் இருக்கும் பள்ளத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வழக்கமாக எரிச்சல் வரும். இன்று வரவில்லை.

விருதுநகரில் கடை பெரிது. முதலாளி இவரிடம்தான் பேசினார். “சார், எந்த டயர் போடலாம்?” இவர் என்னைக் காட்டி, “ஓட்டுறது அவங்க. அவங்களக் கேளுங்க” என்றார். இத்தனை வருடத்தில் வெளியாள் முன்னால் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மழைக்குப் பிடிக்கிற டயரைச் சொன்னேன். “சீக்கிரம் தேஞ்சிரும்க்கா, பொறவு எங்களச் சொல்லக்கூடாது.” தேய்ந்தால் தேயட்டும். எங்கள் வண்டியில் டயர் தேய்ந்து தீரப் போவதில்லை, வயசாகித்தான் தீரும். அதைச் சொன்னபோது முதலாளிக்கே சிரிப்பு வந்தது.

வண்டியைத் தூக்கி நாலையும் கழற்றினார்கள். பின்பக்கம் இடது டயரைக் கழற்றிய மெக்கானிக், நடுத்தர வயசு, அதை உருட்டி எங்கள் பக்கம் கொண்டுவந்தார். “அண்ணே, இங்கன வாங்க.” வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத உள்பக்கம். முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. பக்கத்தில் ரப்பர் பிளந்து உள்ளே நூல் தெரிந்தது.

“இதுலயா வந்தீக?”

ஆமாம் என்றேன்.

“எங்கயோ பள்ளத்துல அடி வாங்கிருக்கு. ரப்பர் இளசா இருந்தா தாங்கியிருக்கும். இது எப்ப வெடிக்கும்னு சொல்ல முடியாதுண்ணே. இன்னைக்கும் வெடிக்கலாம்.”

பின் இடது. கௌசி எப்போதும் உட்காரும் பக்கம்.

இவர் அந்தப் புடைப்பின் மேல் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் குடித்தார். நான் சுவரைப் பிடித்து நின்றேன்.

இன்னொன்றும் நடந்தது. புது டயர் நாலும் வந்தன. மீசை மாதிரி ரப்பர் முடி நீட்டிக்கொண்டு. குனிந்து ஒவ்வொன்றிலும் நாலு எண்ணைத் தேடினேன். மூன்றில் 25 என்று முடிந்தது. நாலாவதில் 21.

முதலாளியிடம் காட்டினேன். “அது கடையிலயே இருந்த டயர்க்கா. ரோட்டுலயே எறங்கல. புதுசுதான். வண்டியையும் தூக்கியாச்சு, பழசப் போட்டுட்டா திரும்பிப் போகப் போறீக?”

இவர் எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை. “நான் பட்டாசுக் கம்பெனியில போர்மேன். போன வருசத்துச் சரக்கப் புதுப் பெட்டியில போட்டு யாருக்கும் குடுத்ததில்ல. இவங்க சொல்ற தேதி வர்ற வரைக்கும் நாங்க இங்கனயே இருக்கோம். எங்களுக்கு அவசரமில்ல.” சொல்லிவிட்டு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்தேன்.

முதலாளி இரண்டு போன் செய்தார். குடோனிலிருந்து வேறு டயர் வர ஒன்றரை மணி நேரம். எதிரே ஹோட்டலில் பரோட்டா. இவருக்குப் பிய்த்துப் போட்டேன். சாப்பிடும்போது, “அந்தப் பஞ்சர் கடைக்காரர் பேரு என்ன?” என்று கேட்டார். தெரியாது, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன் என்றேன். “வளைகாப்புப் பத்திரிகை ஒண்ணு குடுத்துரணும்” என்றார்.

குடோன் டயரை நானே பார்த்தேன். 3025. நாலும் மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, கிளம்பும்போது மூன்று மணி. திரும்பி வரும்போது வண்டியில் சத்தமே இல்லை. ஸ்டீயரிங் தொட்டால் திரும்புகிறது.

திருத்தங்கல் தாண்டியதும் சொன்னார். “வளைகாப்பு முடியட்டும்னு சொன்னேன்ல, செல்வி.”

“சொன்னீக.”

முன்னால் பள்ளம் என்று கை காட்டினார். ஒதுக்கி ஓட்டினேன்.


நவம்பர் 12, புதன்

நேற்று எழுத நேரமில்லை. லீவு போட்ட நாள் வேலையும் சேர்ந்துவிட்டது. ராஜாத்தி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். சாயங்காலமே பைக் டயரைப் பார்க்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்கிறேன் என்றாள்.

கௌசியிடம் டயர் விஷயம் சொல்லவில்லை. இப்போது எதற்கு?

நல்லெண்ணெய் வாங்கியாயிற்று. பட்டுப்புடவை ஓரத்துக்குப் பால்ஸ் துணி தைக்கக் கொடுத்ததை வாங்க வேண்டும். இவருக்கு வெள்ளை வேட்டி.

பஞ்சர் கடை அண்ணாச்சி பேர் சங்கரலிங்கம். இவரே போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்திருக்கிறார்.


நவம்பர் 14, வெள்ளி

தாயில்பட்டியில் நல்லபடியாக முடிந்தது. கௌசி இரண்டு கை நிறைய வளையல். கன்னம் பூரா சந்தனம். சம்பந்தியம்மா அழுதுவிட்டார். “நல்லாப் பாத்துக்கோங்க மதினி” என்று என் கையை விடவே இல்லை. புளியோதரையில் உப்பு ஒரு கல் கூட. யாரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பும்போதே வானம் இருட்டியது. வெம்பக்கோட்டை தாண்டி நல்ல மழை. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. முப்பதில் போனேன். கௌசி பின்னால் தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கிவிட்டாள். பக்கத்தில் இவர்.

ஒரு திருப்பத்தில் இரண்டு எருமை, ரோட்டுக்கு நடுவில். ஐம்பதடியில்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். ரோடெல்லாம் தண்ணீர். வண்டி கோணவில்லை, வழுக்கவில்லை. நேராக நின்றது. எருமைகள் எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து போயின.

திரும்பிப் பார்த்தேன். கௌசி கண் திறக்கவே இல்லை. வளையல்தான் ஒருமுறை குலுங்கியது.

“போலாம், மெல்லப் போ” என்றார் இவர். எனக்குக் கண்ணில் தண்ணீர். துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

ஐந்துக்கெல்லாம் வீடு.


நவம்பர் 15, சனி

நல்ல மழை. அச்சகத்தில் அரை நாள் கரண்ட் இல்லை என்று போன். போகவில்லை.

கௌசி ஒன்பது மணி வரை தூங்கினாள். எழுந்ததும் காரச்சேவு கேட்டாள். அதற்கும் தயிர்ச்சோறுக்கும்தான் வாய் பிடிக்கிறதாம். இவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போய் வாங்கிவந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது, பொட்டலம் நனையவில்லை.

இப்போது அப்பாவும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்கிறார்கள். உலை கொதிக்கிறது. அரிசி போட வேண்டும்.