தர்ஷினியைத் தோற்கடித்த கராத்தே பள்ளி

என் அன்பு அண்ணே,

போன இடத்திலாவது யாரோடும் வாக்குவாதம் பண்ணாமல் நிம்மதியாக இருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். சாம்பாரில் உப்பு சரியில்லை என்று இந்நேரம் யாரையாவது கூப்பிட்டு விசாரித்திருப்பீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன். பழக்கதோஷம்.

நீங்கள் போன பிறகு வீட்டில் எதையும் தரம் பார்த்து வாங்குகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பழைய கார் வாங்கப் போனால் நீங்கள் வெள்ளைச் சட்டையோடு அதன் அடியில் படுத்துப் பார்ப்பீர்கள். டுரியான் விற்கிறவன் உங்களைத் தூரத்தில் கண்டாலே பாதிப் பழத்தை லோரிக்குள் மறைத்துவிடுவான். நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் கொஞ்சம் சிரித்துப் பேசிவிட்டால் போதும், பையை நீட்டிவிடுவேன்.

உங்கள் மகள் தர்ஷினிக்குப் பதினைந்து வயதாகிறது. போன வருடம் திடீரென்று கராத்தே கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். அண்ணி உடனே சரி என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நானும் சரி என்றேன். நீங்கள் போனதிலிருந்து அவள் எது கேட்டாலும் எங்கள் இருவருக்கும் இதே பதில்தான். அப்புறம் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல இடமா என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சண்டையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் அண்ணே? சுங்காய் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியார் வீட்டு வான்கோழி துரத்தியபோது நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர் நீங்கள்தானே?

அவள் சொன்னது பேராக் மாநிலம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் பள்ளி. பெயர் வேண்டாம். பலகையில் ஒரு கழுகு இருக்கும். அதற்கும் வயிற்றில் கறுப்பு பெல்ட் கட்டியிருப்பார்கள். ஈப்போ டவுனில் இருக்கிற பெரிய கிளைக்குத்தான் முதலில் போனேன். உள்ளே நல்ல குளிர். நான்கு பக்கமும் கண்ணாடி. பெற்றோர் உட்கார சோபா, பக்கத்தில் காப்பி மெஷின். காப்பி நன்றாக இருந்தது. அங்கேயே எனக்குப் பாதி மனம் விழுந்துவிட்டது.

மாஸ்டர் குணா என்று ஒருவர். நல்ல மனிதர், என்னை அங்கிள் அங்கிள் என்று விழுந்து விழுந்து கவனித்தார். சுவரில் பெல்ட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் மஞ்சளில் கோடு, பச்சையில் கோடு என்று அணில் முதுகு மாதிரி எத்தனையோ வகை. உங்களை நினைத்துக்கொண்டு நானும் கெட்டிக்காரத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். பரீட்சையில் பிள்ளை ஃபெயிலாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

மாஸ்டர் சிரித்தார். “நம்ம பள்ளியில யாரும் ஃபெயில் ஆனதே இல்ல அங்கிள்.”

அடடா, எவ்வளவு நல்ல பள்ளி என்று நினைத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வெளியே வந்திருப்பீர்கள், இல்லையா?

அதோடு விட்டார்களா? பெற்றோருக்கு இலவசப் பயிற்சி என்று என்னையும் மெத்தை விரிப்பில் ஏற்றினார்கள். பாத்தேக் சட்டையும் ஆபீஸ் கால்சட்டையுமாக ஓர் உதை விட்டேன். கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. வகுப்பே கைதட்டியது. சிறப்பாகச் செய்ததாக எனக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். அதை வைத்துப் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டே காருக்கு வந்தேன். வீட்டுக்கு வந்து அண்ணியிடம், முதல் தரமான பள்ளி என்று சொன்னேன்.

தர்ஷினி மளமளவென்று ஏறினாள். புது பெல்ட் ஒவ்வொன்றுக்கும் குடும்ப வாட்ஸ்அப்பில் படம், அதற்குக் கீழே எல்லாருடைய கைதட்டல். தீபாவளிக்குப் பாகான் டத்தோவிலிருந்து சின்ன அத்தை குடும்பம் வந்திருந்தது. அவர்கள் முன்னால் பலகை உடைத்துக் காட்டுகிறேன் என்றாள். பள்ளியில் அவள் பலகை உடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்டோரில் கிடந்த பழைய அலமாரித் தட்டு ஒன்றை எடுத்து வந்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கத்திக்கொண்டே வந்து உதைத்தாள். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போய் முறுக்கு டின் மேல் விழுந்தேன். அவளோ தடுமாறி விழுந்தாள்; கால் கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

மாஸ்டரிடம் கேட்டேன். தலைமையகத்திலிருந்து வரும் பலகையை மட்டும்தான் உடைக்க வேண்டும் அங்கிள் என்றார். ரோட்டில் வம்புக்கு வருகிறவனைத் தலைமையகத்திலிருந்தா அனுப்புவார்கள்? இதுவும் எனக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் தோன்றியது.

இந்த வருட ஆரம்பத்தில் டவுன் கிளையில் வகுப்பு நேரத்தை மாற்றினார்கள். அது எங்களுக்குத் தோதுப்படவில்லை. அதனால் குனோங் ராபாட்டில் நம் வீட்டுப் பக்கம் இருக்கும் கிளைக்கு அவளை மாற்றினேன். அதே கழுகுதான். ஆனால் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடி. சோபா இல்லை, காப்பி இல்லை. ஒரு மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. தரம் இல்லாத இடம் என்று ஏறிய உடனே முடிவுகட்டிவிட்டேன்.

அங்கே சொல்லிக்கொடுப்பவர் கோச் லிம், சீனர். முப்பது வயதுகூட இருக்காது. சுங்காயில் எஸ்டேட் தமிழர்களுக்கு மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம் என்பதால் நன்றாகவே தமிழ் பேசுகிறார். முதல் நாளே, நீல பெல்ட் கட்டிய நம் பிள்ளையை வெள்ளை பெல்ட் குழந்தைகளோடு நிறுத்தி விழச் சொல்லியிருக்கிறார். உதைக்க இல்லை அண்ணே, விழ. ஒரு மணி நேரமும் விழுவதும் எழுவதும்தான். தர்ஷினி கார் கதவை அறைந்த வேகத்தில் எனக்கும் கோபம் வந்து மாடிக்கு ஏறினேன்.

கோச் லிம் விரிப்பைத் துடைத்துக்கொண்டே, “பெல்ட் அவகிட்டயே இருக்கட்டும்லா அங்கிள். ஆனா அவளுக்கு விழத் தெரியல. தலையில அடிபட்டா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார்.

முறுக்கு டின் ஞாபகத்துக்கு வந்தது. படியிறங்கிவிட்டேன்.

அடுத்த பரீட்சை வந்தது. கடைசியில் கோச் லிம் அவளைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். “பெலும்.” மலாயில் இன்னும் இல்லை என்று. அவ்வளவுதான், சான்றிதழும் இல்லை, கைதட்டலும் இல்லை. அண்ணிக்கு விஷயம் தெரிந்ததும், அப்பா இல்லாத பிள்ளையை இப்படியா அழவைப்பார்கள், உடனே டவுனுக்கே மாற்றுங்கள் தம்பி என்றார். நானும் மாஸ்டர் குணாவுக்குப் போன் போட்டு இடம் கேட்டுவிட்டேன்.

மறுநாள் காரில் அதைச் சொன்னதும் தர்ஷினி வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். ஜன்னல் வழியாகச் சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா போனதுலேர்ந்து எல்லாரும் என்னைக் கண்ணாடி கிளாஸ் மாதிரி பிடிக்கிறீங்க சித்தப்பா. எதக் கேட்டாலும் சரிங்கிறீங்க. கோச் மட்டும்தான் என்னை மத்த பிள்ளைங்க மாதிரி திட்டுறாங்க. எனக்கு அங்க இருந்தா நல்லா இருக்கு.”

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன். எல்லாக் கண்ணாடியும் ஏற்றித்தான் இருந்தது. அண்ணி இதைக் கேட்டபோது அடுப்பை அணைத்தார். அப்புறம், அங்கேயே போகட்டும் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பரீட்சை. அண்ணியும் மாடி ஏறி வந்தார். உட்கார ஒன்றும் இல்லாததால் இருவரும் செருப்பு அடுக்கும் பலகையில் உட்கார்ந்தோம். தர்ஷினி விழுந்தாள், எழுந்தாள், தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனைப் புரட்டிப் போட்டாள், அவனிடம் தானும் புரண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோச் லிம்மின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. முடிவில், “போலே, இப்ப பரவால்ல,” என்றார். போலே என்றால் மலாயில் முடியும் என்று; தேறிவிட்டாள். தர்ஷினி துள்ளவில்லை. குனிந்து வணங்கிவிட்டு விரிப்புகளைச் சுருட்டப் போனாள். நீங்கள் உயிரோடு இருந்த நாட்களில் பார்த்த முகம் அது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படி இறங்கும்போதே, முடிக்கு நீலக் கலர் அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அண்ணி என்னைப் பார்த்தார். “முடியாது,” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். வீடு வரும்வரை அவள் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டிலும் பேசவில்லை. அண்ணே, அந்த மௌனம் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? எல்லார் வீட்டிலும் நடப்பது நம் வீட்டிலும் நடந்தது.

இனி அவள் கேட்பதற்கெல்லாம் தலையாட்ட மாட்டேன். யோசித்துப் பார்ப்பேன். வேண்டாம் என்று பட்டால், அவள் எவ்வளவு முறைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மோகன்,
தர்ஷினி இப்போதைக்குப் பேசாமல் இருக்கும் சித்தப்பா.