அரியலூர்த் தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புள்ள என்று போட்டுத்தான் உங்களுக்கு எழுதிப் பழக்கம். அதனால் போட்டுவிட்டேன். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு வேறு எதையாவது போட்டிருக்க வேண்டும். அந்த மாதிரி வார்த்தைகளை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீங்கள் போய் நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. நினைவஞ்சலி நோட்டீஸ் அடிக்கலாம் என்று மாமா வந்தார். நடுவில் உங்கள் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ஆறாத் துயரில் இருப்பவர்களின் பெயர்கள். "யார் யார் பேரு மாமா போடப் போறீங்க?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும். ஊருக்குத் தெரியாதது இதில் என்ன இருக்கிறது? எங்களுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

முதலில் நல்ல சேதி. எனக்கு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? அரியலூரில். ஆர்டரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெரம்பலூரில் எப்போது இடம் காலியாகும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெரம்பலூரா, அரியலூரா? எது இருப்பதற்கு நல்ல ஊர்? யோசிக்க உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அரியலூரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் நீங்கள் சொன்னதுதான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் இருபத்திரண்டு வயசு வரைக்கும் நான் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருடைய மகள் நான்!

உங்கள் பஸ் நாள் முழுக்க இரண்டு ஊருக்கும் நடுவில் அலையும். கடைசி நடை ஒரு நாள் இங்கே நிற்கும், மறுநாள் அங்கே நிற்கும். "இன்னைக்கு அரியலூர் ஆல்ட்டு" என்று சொல்லும்போது முகத்தை எவ்வளவு பாவமாக வைத்துக்கொள்வீர்கள்! பஸ் சீட்டிலேயே சுருண்டு படுத்துக்கொள்வதாகச் சொல்வீர்கள். மறுநாள் வீட்டுக்கு வந்து காலை நீட்டியதும் ஆரம்பிப்பீர்கள்.

"அதெல்லாம் ஒரு ஊரா? தண்ணிய வாயில வெக்க முடியல. கொசு புடுங்குது. ரயிலு கத்துற கத்துல மனுசன் கண்ண மூட முடியல. என்னதான் சொல்லு, பெரம்பலூரு பெரம்பலூருதான்."

நாங்கள் நம்பினோம். நான் அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். எட்டாவது படிக்கும்போது அரியலூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண், "உங்க ஊர்ல ரயிலே இல்லையே" என்று கேட்டாள். "மெட்ராஸ் பஸ்ஸெல்லாம் எங்க ஊரு வழியாத்தான் போவுது. உங்க ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னே எவனுக்கும் தெரியாது. குடிக்கத் தண்ணி இருக்காடி அங்க?" என்று அவளை அழ வைத்தேன். அதை உங்களிடம் சொன்னபோது எப்படிச் சிரித்தீர்கள்! தட்டிக் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அம்மா நம்பியதோடு நிற்கவில்லை. செட்டிகுளத்தில் அவள் அம்மா வீட்டில் சீராகக் கொடுத்த எவர்சில்வர் கூஜாவில் நம் ஊர்த் தண்ணீரைப் பிடித்து, மூடியை இறுக்கித் திருகி உங்கள் கையில் கொடுப்பாள். மழைக்காலம் என்றால் காய்ச்சி ஆற வைத்துக் கொடுப்பாள். பஸ் சீட்டில் தலைக்கு வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒரு தலையணையும் தைத்துக் கொடுத்தாள். எமர்ஜென்சியில் பஸ் எல்லாம் நேரத்துக்கு வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டது. நீங்கள் மட்டும் அப்போதும் நேரத்துக்கு வீடு வந்து சேரவில்லை. அதற்கும் நாங்கள் அரியலூரைத்தான் திட்டினோம்.

ஒரு நாள் நீங்கள் கொண்டுவந்த கூஜாவில் அம்மாவின் பெயர் இல்லை. அதே அளவு, அதே மூடி. ஆனால் 'செ. சரோஜா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கு. மங்கை' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அம்மா கேட்டாள். நீங்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னீர்கள், "பஸ்ல யாரோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பாவம், அவளுக்கும் அம்மா வூட்டுச் சீரா இருக்கும். பஸ்ல வந்து கேட்டா குடுத்துடுங்க" என்றாள் அம்மா. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உண்மையைக் கக்கியிருப்பார்கள். நீங்கள் சாப்பிட உட்கார்ந்தீர்கள். அடுத்தவள் பொருள் கெட்டுவிடக் கூடாது என்று சாம்பல் போட்டுப் பளபளவென்று விளக்கி வைப்பாள் அம்மா. "யாராச்சும் கேட்டாங்களா?" என்று வாரம் தவறாமல் விசாரிப்பாள். "கேக்கல" என்பீர்கள். ஆறு வருஷம் அப்பா! ஆறு வருஷம் அந்தப் பெயரை அம்மா கையாலேயே விளக்க விட்டீர்கள். மற்றதை எல்லாம் என்றைக்காவது மறப்பேனோ என்னவோ, இதை மறக்க மாட்டேன்.

அப்புறம் அந்தப் பகல். பேரளிக்குப் பக்கத்தில் விசில் கொடுக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டீர்கள். டிரைவர் ராமசாமி மாமா உங்களைப் புளியமரத்து நிழலில் படுக்க வைத்துவிட்டு, அந்தப் பக்கமாகவும் இந்தப் பக்கமாகவும் போன பஸ்களில் இரண்டு ஊருக்கும் சொல்லி அனுப்பினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் அரியலூர் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு பெண்ணும் இறங்கி ஓடி வந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தினமும் உங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள், நல்ல மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு அம்மா அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்தாள். கூட வந்த பெண் "அப்பா" என்று கத்துகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களை எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்று நடுரோட்டில் சண்டை வந்தது. இரண்டு ஊர் ஆட்களும் கையை ஓங்கிவிட்டார்கள். ராமசாமி மாமாதான் கேட்டார், "எந்த ஊர்ல இருக்கணும்னு அவரு எதுனா சொல்லியிருக்காரா?"

"அரியலூருன்னாலே அவருக்கு ஆவாதுங்க" என்றாள் அம்மா.

அம்மா முடிப்பதற்குள் அந்த அம்மா சொன்னார், "பெரம்பலூருன்னாலே அவருக்கு ஆவாதுங்க."

இரண்டு பேரும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்துக்கொண்டார்கள். முதல் தாலி அம்மாவுடையது என்று சொல்லி உங்களைப் பெரம்பலூருக்குக் கொண்டுவந்தோம். கூட்டத்தில் யாரோ அந்த அம்மாவை மங்கை என்று கூப்பிட்டது அம்மா காதில் விழுந்திருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் கூஜாவை எடுத்துப் பரணில் போட்டாள்.

இந்த ஆர்டர் வந்த பிறகுதான் அதை இறக்கினாள். "இத அவகிட்ட குடுத்துட்டு வா. பேரு வெட்டுன பாத்திரம். கேட்டா குடுக்கணும்னுதான வெச்சிருந்தேன், அவ எங்க வந்து கேக்கப் போறா? அப்படியே அந்த ஊரையும் பாத்துட்டு வா. பாத்துட்டு, வேணாம்னு எழுதிக் குடுத்துடு" என்றாள்.

புதன்கிழமை போனேன். உங்கள் பஸ்தான், ராமசாமி மாமாதான் ஓட்டினார். என் முகத்தைப் பார்க்காமலே அரியலூரில் எந்தத் தெரு என்று மட்டும் சொன்னார். ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. அன்றைக்கு "அப்பா" என்று கத்திய செல்விதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பதினாலு வயசு. உங்கள் மூக்கு. எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அந்த அம்மா கூஜாவை வாங்கி அதிலிருந்த பெயரைப் படித்தார். உள்ளே போய் இன்னொரு கூஜாவோடு வந்தார். செ. சரோஜா. அதுவும் பளபளவென்று இருந்தது.

"பஸ்ல யாரோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாரும்மா. யாராச்சும் கேட்டு வந்தா குடுத்துடலாம்னு வெச்சிருந்தேன். அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு சத்தியமாத் தெரியாது. பெரம்பலூர்த் தண்ணி உப்புன்னுவாரு. நான்தான் அவரு கெளம்புறப்பல்லாம் கூஜாவுல புடிச்சிக் குடுத்து அனுப்புவேன்."

போகும்போது ஒரு கூஜா, வரும்போது ஒரு கூஜா. இரண்டு பெண்கள் பிடித்துக் கொடுத்த தண்ணீரை நீங்கள் குடித்தீர்களா அப்பா? இல்லை, நடுவழியில் எங்காவது கொட்டினீர்களா?

செல்வி மெதுவாகக் கேட்டாள், "அக்கா, உங்க ஊர்ல ரோட்டுல எறங்குனாலே லாரி அடிச்சிடுமாமே? கொசு புடுங்குமாமே? லாரிச் சத்தத்துல மனுசன் கண்ண மூட முடியாதாமே?"

"என்னதான் சொல்லு, அரியலூரு அரியலூருதான்" என்று நான் முடித்தேன்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பொய் சொல்லக்கூட உங்களுக்குச் சோம்பல். ரயிலுக்குப் பதில் லாரி, அவ்வளவுதான் மாற்றம். எந்த ஊரும் உங்களுக்குப் பிடிக்காமல் இல்லை. நான் அங்கே போய்விடக் கூடாது, அவள் இங்கே வந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இரண்டு ஊரையும் வைது தீர்த்தீர்கள்.

அந்த நேரம் ரயில் வந்தது. செல்வி என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். நான் ரயிலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒன்றிரண்டு ஜன்னல்களில் இருந்து குழந்தைகள் கையை ஆட்டின. நானும் ஆட்டினேன். சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நீங்கள் காட்டியிருக்க வேண்டியது அது. அவளுக்குக் காட்டியிருக்கிறீர்கள். செல்வியே சொன்னாள்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஊரையும் சுற்றிப் பார்த்தேன். புழுதி அதிகம், செருப்பெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பெரம்பலூரில் ராத்திரி பகல் எப்போதும் பஸ் உண்டு, இங்கே இல்லை. கடைத்தெருவில் காய்கறி நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெரிய வேப்பமரங்கள் நிற்கின்றன. சாதாரண ஊர் அப்பா. நம் ஊர் மாதிரியே மனுஷர்கள் இருக்கிற ஊர். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கூஜாவை அம்மாவிடம் கொடுத்தேன். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். திங்கட்கிழமை நான் வேலையில் சேரப் போகிறேன் என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்க தண்ணி எப்படி இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

கூஜாவை எடுத்து அலமாரியில் வைத்தாள். "அப்படின்னா இது உனக்கு வேணாம்" என்றாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, நீங்கள் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள்.

உங்களை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். முழுப் பரீட்சை லீவில் செல்வியைப் பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸ் ரோட்டைக் குறுக்கே கடப்பேன். எந்த லாரியும் எங்களை அடிக்காது. நம் வீட்டில் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். அம்மா கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்த வருஷம் நோட்டீஸ் அடிப்போம். கீழே என் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று மாமாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்திலும் அப்படித்தான் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு மகள்களில் மூத்தவள்