ஊதுபத்தி ஸ்டாண்டும் உங்கள் வண்டியின் மூச்சும்

கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே “வாங்க மாப்ள” என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கும் என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் வண்டி ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எதையும் நீங்கள் காதில் வாங்க மாட்டீர்கள். ஆனால் எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கேட்கலாமென்றால் நீங்கள் இல்லை.

நீங்கள் இருந்தவரை அந்த வெள்ளைக் கார் ஒரு நாளும் புகைந்ததில்லை. நீங்கள் போய்ச் சில மாதத்துக்குள் பின்னால் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய். வாசலில் மலர் போட்ட கோலத்தின் மேலேயே ஒழுகி வைத்தது. “அவரு போனாரு, வண்டியும் பின்னாடியே கெளம்பிடுச்சி” என்று அத்தை சொன்னார். என்னிடம் இல்லை, மலரிடம். உங்கள் மகளைக் கட்டி இத்தனை வருஷமாகியும் அத்தை என்னிடம் நேராகப் பேசியதில்லையே. “மாப்ளைய சாப்புட சொல்லு” என்று அவர் மலரிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இலை முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன்.

இதற்கிடையே உங்கள் வருஷம் திரும்பியது. திதி கொடுத்து முடித்ததும் அத்தை சேத்தியாத்தோப்புப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வர வேண்டும், அதற்குப் பிறகுதான் வேறெங்கும் போகலாம் என்பது உங்கள் வீட்டு முறை. பஸ்ஸில் கூட்டிப் போகிறோம், வாடகைக் கார் வைக்கிறோம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம். “அவரு வண்டியிலதான் போவன்” என்று ஒரே பிடிவாதம். வண்டியோ தெருமுனை தாண்டுவதற்குள் தெருவையே மறைக்கிறது. நானும் மலரும் பேசி, வேப்பூரில் பழைய இரும்புக்கு எடுக்கிறவரிடம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டோம். அத்தை சண்டை போடவில்லை. “எடுத்துட்டுப் போவட்டும். நானும் எங்கியும் போவல” என்று மலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஒரு வருஷமாக வாசற்படி தாண்டாத மனுஷி. இனி தாண்டவே மாட்டாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தப் பயத்தில்தான் ரஹீம் பாயைக் கூட்டிவந்தேன். ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர்தான். வண்டியை ஓடவிட்டு, எஞ்சின் மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து சும்மா வைத்தார். மூடி கொதிக்கிற சட்டியின் தட்டு மாதிரி துள்ளியது. எஞ்சினுக்குள் சேரும் புகையை உறிஞ்சி, திரும்ப உள்ளுக்கே அனுப்பி எரிக்கிற ஒரு சின்ன வால்வு உண்டாம். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, கிடைத்த சந்தில் எல்லாம் எண்ணெயைத் தள்ளுமாம். ஒன்று அதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினே போயிருக்க வேண்டும். எஞ்சின் என்றால் பழைய இரும்புதான் என்றார். வால்வு திருச்சியிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை ஸ்பேனர் பையோடு பாய் வாசலுக்கே வந்துவிட்டார்.

அப்புறம்தான் கூத்து. அந்த வால்வு இருக்கிற இடத்தை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ தெரியவில்லை. எஞ்சினுக்குப் பின்பக்கம், காற்றுக் குழாய்களுக்கு அடியில், சுவரை ஒட்டி. கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். பாயின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. மேலே இருப்பதை எல்லாம் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது இடையில் வைக்க இந்தப் பழைய வண்டிக்குப் பேக்கிங் கிடைக்காது என்று தலையைச் சொறிந்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நீங்கள் கேலி செய்வீர்களே, “வளையக்காரன் பாத்தா உங்கள விடமாட்டான் மாப்ள” என்று, அதே கை.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்தேன் மாமா. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அத்தை நிற்பது தெரிந்தது. வேப்பூர் ஸ்கூலில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறவன், பனியனோடு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருப்பீர்களா? நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்திருக்கும்போது நான் பக்கத்தில் வந்தாலே போதும், “நீங்க உக்காருங்க மாப்ள, கை அழுக்காயிடும்” என்பீர்கள். உடனே மலருக்குக் காபி சொல்லி அனுப்புவீர்கள். அது மரியாதையா, இவனுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பா? இத்தனை வருஷமும் அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே நான் யோசித்த விஷயம் இது.

விரல் போய்த் தொட்டது. இரும்பாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். இது இரண்டும் இல்லை. மேலே பிசுக்கு, நகத்தால் சுரண்டினால் அடியில் வழவழப்பு. செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் யூனிட் வைத்திருந்தவர் வீட்டு மாப்பிள்ளைக்கு இது கூடவா தெரியாது? உங்கள் வீட்டில் சுவிட்சு போர்டு முதல் உப்பு ஜாடி வரை தொட்டுத் தொட்டுப் பழகிய வழவழப்பு. “பாய், பீங்கான் மாதிரி இருக்குது” என்றேன். “எஞ்சினுக்குள்ள பீங்கானா? நல்லா தடவிப் பாருங்க சார்” என்றார். ஆட்டி ஆட்டிப் பிடுங்கி வெளியே எடுத்தேன். எடுக்கும்போது மணிக்கட்டில் தோல் உரிந்துவிட்டது.

கறுப்பாக, கட்டை விரல் நீளத்தில், அடி பெருத்து மேலே சிறுத்த ஒரு சாமான். நடுவில் ஒரு துளை, முழுக்க அடைத்துப் போயிருந்தது. பாய் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எந்தக் கம்பெனி வண்டியிலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். நான் பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். மலரைக் கூப்பிட்டு, பூஜை அறையில் இருக்கும் ஊதுபத்தி ஸ்டாண்டை எடுத்து வரச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்து வந்தாள். பானெட் ஓரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. மற்றபடி உருவம், உயரம், துளை எல்லாம் ஒன்றேதான்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அத்தைதான் மலரிடம் பேசினார். “மாசா மாசம் அமாவாச வந்தா அந்த ஸ்டாண்ட அவரே எடுத்துக்குவாரு. ரெண்டு நாள் கழிச்சி வெள்ளையா கொண்டாந்து வெப்பாரு. சாமி காரியம், நீ தொடாதன்னுவாரு.” உடனே நான் உங்கள் யூனிட்டுக்குப் போன் போட்டேன். சூளை பார்க்கும் ஏழுமலை அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. மாசா மாசம் ஒரு கறுத்த கட்டையைக் கொடுத்து, சரக்கோடு சரக்காகச் சூளையில் வைக்கச் சொல்வீர்களாம். உள்ளே போகும்போது கறுப்பு, வெளியே வரும்போது பால் வெள்ளை. “ஐயா ஏதோ வேண்டுதல்னு நெனச்சன்” என்றார்.

ஆக, பூஜை அறையில் இருக்கும் வெள்ளை வண்டிக்குப் போகும். வண்டியில் இருக்கும் கறுப்பு சூளைக்குப் போகும். சூளையில் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் எரிந்து வெள்ளையாகி, திரும்ப சாமி முன்னால் போய் உட்காரும். அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள். முழுசாகத் தெரிந்தவர் நீங்கள் மட்டும். நீங்கள் போனதும் மாற்ற ஆளில்லை, துளை அடைத்துக்கொண்டது. வண்டி உங்களைத் தேடி ஏங்குகிறது என்று நாங்கள் மாசக்கணக்கில் கண் கலங்கிக்கொண்டிருந்தோம்.

ஏன் மாமா? வால்வு கிடைக்காத சாமான் இல்லை, கேட்டதும் வந்துவிட்டது. பின்னே ஏன் இந்த வேலை? கடையில் வாங்கினால் கௌரவக் குறைச்சலா? உங்கள் பீங்கான் எதற்கும் ஆகும் என்று உங்களுக்கு நீங்களே காட்டிக்கொண்டீர்களா? இல்லை, சாமியும் வண்டியும் ஒரே புகையில் இருக்கட்டும் என்று ஏதாவது கணக்கா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

இதற்கு மேல் கேளுங்கள். புது வால்வைப் பாய் என் கையில் கொடுத்தார், தடவித் தடவிப் பொருத்தினேன். புகை குறைந்தது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் குளிர்க் காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறி உதறி அணைந்துபோனது. பாய் குனிந்து பார்த்துவிட்டு, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை நீங்கள் உங்கள் பீங்கான் கட்டைக்குத் தகுந்தபடி திருகி, அசையாமலிருக்க மேலே எதையோ பூசி இறுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். அதை உடைத்துத் திரும்ப வைக்கலாம், உடைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஆள் இல்லை. அத்தை வெளியே வந்து, பானெட் மேல் இருந்த வெள்ளை ஸ்டாண்டை எடுத்து, முந்தானையில் சாம்பலைத் துடைத்து, என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

மறுபடி கையை விட்டேன். உங்கள் கட்டை வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டது போல உட்கார்ந்தது. பாய் சாவியைத் திருப்பினார். வண்டி உதறவில்லை, புகையவில்லை. எண்ணெய் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தார், அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. “கம்பெனி சாமான் சேரல, ஊதுபத்தி ஸ்டாண்டு சேருது. இத நான் வெளியில சொன்னா எவன் சார் நம்புவான்?” என்று புலம்பிக்கொண்டே புது வால்வை டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டுப் போனார்.

பைப்படியில் நின்று கை கழுவினேன். சோப்புக்கு அசையவில்லை. அத்தை ஒரு டப்பாவோடு வந்தார். சீயக்காய்த் தூள். என் கையில் கொட்டிவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். உரிந்த மணிக்கட்டில் எரிச்சல் தாங்காமல் கையை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார், முதல் தடவையாக.

“அவருக்கும் இதே எடத்துலதான் தம்பி உரிஞ்சி இருக்கும். சூளையில பட்டுதுன்னுவாரு. அமாவாசைக்கு அமாவாசை சூளையில படுமா? நான் கேக்கல. சீயக்காய மட்டும் எடுத்து வெப்பன்.”

என் ஒல்லிக் கைக்கே இந்த கதி. உங்கள் உலக்கைக் கையை அதற்குள் எப்படித் திணித்தீர்கள் என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். தோலைக் கொடுத்துத் திணித்திருக்கிறீர்கள், மாசா மாசம். இப்படி ஒரு கை பத்தடி தூரத்தில் காபி குடித்துக்கொண்டு சும்மாதானே கிடந்தது மாமா? ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா? மாப்பிள்ளையை வேலை வாங்கினார் என்று ஊர் பேசும் என்று பயந்தீர்களா? கோபமாகத்தான் இருக்கிறது. உங்கள் மேல் பாசமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு சேத்தியாத்தோப்புக்குப் போய் வந்தோம். அத்தை முன் சீட்டில் உட்கார்ந்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் கண்ணாடியை இறக்கச் சொன்னார், என்னிடமே சொன்னார். “அவரு இன்னும் கொஞ்சம் மெதுவா போவாரு தம்பி.” மெதுவாகப் போனேன். பிறந்த வீட்டு வாசலில் அவரைச் சுற்றி எல்லோரும் அழுதபோது நான் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

கறுத்த கட்டை சூளைக்குப் போய் வெள்ளையாகி வந்துவிட்டது. அதுவரை அத்தை ஊதுபத்தியை வாழைப்பழத்தில் குத்தி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டில் எது முதலில் எங்கே இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாய் இன்னமும் அந்தத் திருகாணியை உடைத்துப் புது வால்வைப் போடச் சொல்கிறார். அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். நான்தான் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு அமாவாசை. ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால் பானெட் மேல் வெள்ளை ஸ்டாண்டு இருக்கிறது, பக்கத்தில் சீயக்காய் டப்பா. காபியைக் காணோம். அத்தையிடம் கேட்டேன். “மொதல்ல வேலைய முடிங்க தம்பி” என்றார்.

போகிறேன் மாமா. மாசா மாசம் தவறாமல் மாற்றிவிடுவேன். கை அழுக்கானால் ஆகட்டும்.

இப்படிக்கு,
மணிக்கட்டில் புதுத் தழும்போடு,
உங்கள் வீட்டு மாப்பிள்ளை